அப்பாவிடம் கார் சாவியை எப்படிக் கேட்பது?

வாசகர் கேள்வி பதில்

மோட்டார் வாகன ஆய்வாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். வண்டி, லைசென்ஸ், சாலை விதி பற்றி வாசகர்கள் கேட்பதற்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள் வண்டி ஓட்டுவது பற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

என் அப்பாவுக்கு 74 வயது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 40 வருடமாகக் கார் ஓட்டுகிறார். போன தீபாவளிக்குப் பிறகு காரின் இடது பக்கத்தில் மூன்று இடத்தில் உரசல். கேட்டால், "கேட் குறுகல்" என்கிறார். அம்மா பயந்துகொண்டேதான் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார். அண்ணன், "சாவியை எடுத்து ஒளித்து வை" என்கிறான். அப்பாவின் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது, ஐயா?
(ஒரு வாசகி, கோவில்பட்டி)

மூன்று உரசலும் இடது பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அந்த வரியைப் படித்ததும் எனக்கு நடந்தது அப்படியே கண்முன் வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது 69. லைசென்ஸைப் புதுப்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம், நல்ல வெளிச்சம். மருந்துக் கடைக்குப் போய்விட்டு எங்கள் தெருவுக்குள் இடது பக்கம் திருப்பினேன். கண்ணாடியைப் பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், ஒருவரும் இல்லை. திருப்பிய அடுத்த நொடி டக்கென்று ஒரு சத்தம். டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த பையன் கீழே கிடந்தான். ஏழாம் வகுப்பு. மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அவனைத் தூக்கும்போதே, "எங்கேருந்துப்பா வந்தே?" என்று கேட்டேன். "நான் உங்க பக்கத்துலயேதான் தாத்தா வந்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

அந்தப் பதிலை நினைத்து எத்தனையோ ராத்திரி தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறேன். மறு வாரம் கண் மருத்துவரிடம் போனேன். எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரி வரை படித்தேன். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று எழுந்திருக்கப் போனேன். நான் சொன்ன விபத்தைக் கேட்ட டாக்டரம்மா விடவில்லை; விஷுவல் ஃபீல்ட் என்கிற பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னதாக வெளிச்சம் மின்னும். மின்னும்போதெல்லாம் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். நடுவே வெகு நேரம் எதுவும் மின்னவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். "ஓடிக்கிட்டுதான் இருக்கு சார்" என்றார்.

இரண்டு கண்களுக்கும் வந்த தாள்களில் இடது பக்கக் கீழ்ப்பகுதி கறுப்பாக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம் சின்னதாக ஒரு ரத்தக்குழாய் அடைப்பு, எப்போதோ வந்து போயிருக்கிறது. கை, கால் விழுந்தால்தான் பக்கவாதம் என்று நினைத்திருந்தேன். பார்வையின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் பக்கவாதமும் உண்டு. அந்த மூலை இருட்டாகத் தெரியாது. அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும், அதனால் நமக்குச் சந்தேகமே வராது. நான் பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டுப் போடுகிறவன். அதற்கு ஒரு பையனின் மணிக்கட்டு விலையானது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் அப்பா சொல்வது பொய் இல்லை. அவருக்குக் கேட் குறுகலாகத்தான் தெரியும். பக்கவாதம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோயிலும் ஓரப் பார்வை சத்தமில்லாமல் குறையும். போன பார்வை திரும்பாது, ஆனால் சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். கழுத்து எலும்பு தேய்ந்து இடப்பக்கம் திரும்ப முடியாமலும் இருக்கலாம். காரணம் எதுவென்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதனால் சாவியை ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைத்தால் சண்டைதான் வரும், நோய் தெரியவே தெரியாது.

நான் சொல்கிறபடி செய்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் போய் வாருங்கள். அவர் தினமும் போகும் வழி வேண்டாம். அது மனப்பாடமாக இருக்கும். எதிர் வண்டிகளுக்கு நடுவே வலது பக்கம் திரும்ப வேண்டிய இடம், ரவுண்டானா, யூ டர்ன் இந்த மூன்றும் இருக்கிற வழியாகப் பாருங்கள். லைசென்ஸ் டெஸ்டில் நான் உற்றுப் பார்த்தது இதைத்தான்: திரும்பும்போது தலை திரும்புகிறதா, கண் மட்டும் திரும்புகிறதா? முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட் எரிந்த பிறகு, இவர் கால் பிரேக்குக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது? இடது ஓரமாக நடந்து போகிறவரைப் பார்த்து வண்டியைச் சற்று விலக்குகிறாரா? பின்னால் வருகிறவர்கள் அடிக்கடி ஹாரன் அடிக்கிறார்களா? தெரிந்த ஊரில் வழி தடுமாறுகிறாரா? கடைசியாகச் சொன்னது நடந்தால் அது கண் விஷயம் இல்லை, ஞாபகத்தின் விஷயம். நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

வாயைத் திறந்து திருத்தாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பேரப்பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, "அப்பா, உரசல் மூன்றும் ஒரே பக்கம்தான் இருக்கு. கண் டாக்டரிடம் ஃபீல்ட் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். வயதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். தலைமை ஆசிரியராக இருந்தவர், விடைத்தாளை நம்புவார். முடிவு வரும் வரை நீங்களோ அண்ணனோ ஓட்டுங்கள். என்னிடமும் யாரும் சாவியைக் கேட்கவில்லை. அந்தக் கறுப்புத் தாளைப் பார்த்த அன்றைக்கு நானே மேஜையில் வைத்துவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் அவர் ஓட்டினால்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 16 என்று ஒன்று இருக்கிறது. நோயாலோ குறைபாட்டாலோ ஒருவர் ஓட்டத் தகுதியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகம் மருத்துவச் சான்று கேட்கலாம், லைசென்ஸையும் ரத்து செய்யலாம். குடும்பத்தாரே எழுதிக் கொடுக்கலாம். அது கடைசிக் கதவு. உங்கள் வீட்டில் அது வரை போகாது என்று நினைக்கிறேன்.

எனக்கு 68. லைசென்ஸ் முடிந்து 14 மாதம் ஆகிவிட்டது, கவனிக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் கேட்டால், "போட்டோ மட்டும் கொடுங்க, டாக்டர் சர்டிஃபிகேட் நாங்களே வாங்கிக்கிறோம்" என்கிறார்கள். நான் டாக்டரிடம் நேரில் போகத்தான் வேண்டுமா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

கட்டாயம் போக வேண்டும்.

முதலில் லைசென்ஸ். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் வெறுமனே புதுப்பிக்க முடியாது. திரும்பவும் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். அது வரை வண்டியைத் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். அதைவிட, யார்மீதாவது இடித்துவிட்டால் நீங்கள் நிற்கும் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இப்போது சான்றிதழ். சொந்த வண்டி ஓட்டுவதற்கு இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று நம் சட்டத்தில் வரம்பே கிடையாது. 80 வயதிலும் லைசென்ஸ் வாங்கலாம். அப்படியானால் சாலையில் போகிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு? 40 தாண்டியவர்கள் கொடுக்க வேண்டிய 1ஏ படிவம் என்கிற அந்த ஒரு தாள்தான். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட்டைப் படிக்கிறாரா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்கிறதா, வலிப்பு, தலைச்சுற்றல் வந்ததுண்டா, ஓட்டுவதற்கு இடையூறான இதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு உண்டா, கை கால் எப்படி என்று மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத வேண்டும்.

நான் வேலையில் இருந்தபோது ஒரே மருத்துவரின் முத்திரையோடு, ஒரே பேனா மையில், ஒரே பதில்களோடு கட்டுக்கட்டாக இந்தப் படிவங்கள் வந்து பார்த்திருக்கிறேன். சிலவற்றைத் திருப்பி அனுப்பினேன். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பவில்லை. கூட்டம், அவசரம், மேலிருந்து கேள்வி என்று காரணம் சொல்லலாம். ஆனால் அது தப்புத்தான். அப்புறம் 69 வயதில் என் சொந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட மருத்துவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை, நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. "உங்களுக்கா சார் சொல்லணும்" என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தப் பையன் கீழே விழுந்தது அதற்கு ஆறு மாதத்துக்குள். ஒழுங்காகப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாரா, தெரியாது; நான் நம்பர் பிளேட்டைப் படித்திருப்பேன். ஆனால் ரத்த அழுத்தமாவது தெரிந்திருக்கும், மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று ஒரு சத்தமாவது போட்டிருப்பார்.

ஆகவே உங்களைத் தெரிந்த, உங்கள் மாத்திரைச் சீட்டைப் பார்த்து வருகிற டாக்டரிடமே போங்கள். போவதற்கு முன் வீட்டு வாசலில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: நிறுத்தியிருக்கும் கார் ஒன்றிலிருந்து சாதாரண நடையில் 35 எட்டு தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி நம்பரைப் படியுங்கள், பிறகு மறு கண். கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே படிக்கலாம். தடுமாறினால் முதலில் கண் மருத்துவர், அப்புறம்தான் படிவம். பெரும்பாலும் கண்புரையாக இருக்கும், அது அறுவைச் சிகிச்சையில் சரியாகிவிடும்.

நான் விவசாயி, வயது 66. பத்து வருடமாக இன்சுலின் போடுகிறேன். காலையில் ஊசி போட்டுவிட்டு, சாப்பிடாமல் டிவிஎஸ் எக்ஸ்எல்-லில் வயலுக்குப் போவேன், அங்கே போய்த்தான் கஞ்சி. போன மாதம் ஒருநாள் எப்படி என்றே தெரியவில்லை, ரோட்டின் வலது ஓரத்தில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். உடம்பெல்லாம் வியர்வை. எதிரில் வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். வண்டியை விட்டுவிட வேண்டுமா?
(ஒரு வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்)

அந்த பஸ் டிரைவர் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொல்வது சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளம். வண்டியை விடுவதற்கு முன்னால், ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புவதை இன்றைக்கே விடுங்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஊசியின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்ற வேண்டியிருக்கும். அவர் சரி என்று சொல்லும் வரை வண்டி வேண்டாம். இன்சுலின் மட்டுமல்ல, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் இப்படிச் சர்க்கரையைத் தாழ்த்தும்.

இங்கிலாந்தில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு ஒரு வழக்கம் சொல்லித் தருகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. கிளம்பும் முன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். நம் கணக்கில் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 70 அளவுக்குக் கீழே போய்விட்டால் ஓட்டவே கூடாது. சர்க்கரை சாப்பிட்டு, அளவு சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் மூளை தெளிய நேரம் பிடிக்கும். மருத்துவர் அனுமதித்த பிறகு நீங்களும் இதையே கடைப்பிடியுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ மூன்று ஸ்பூன் சர்க்கரையோ பொட்டலமாக இருக்கட்டும். கடலை மிட்டாய் வேண்டாம், கடலையில் இருக்கிற எண்ணெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

சர்க்கரை நாள்பட்டவர்களுக்கு இன்னொன்று: பாதத்தில் உணர்ச்சி குறையும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலால்தான் பிரேக்கை அழுத்த வேண்டும். பாதம் மரத்திருக்கிறதா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். வண்டி ஓட்டும்போது பின்பக்கம் பட்டி வைத்த செருப்பு போடுங்கள்.

50 வருடமாக ஓட்டுகிறேன், ஒரு விபத்து இல்லை. வயது 77. செல்போனை காதில் வைத்துக்கொண்டு நூறில் பறக்கிற பையன்களை விட்டுவிட்டு, எங்களிடம் ஏன் சான்றிதழ் கேட்கிறீர்கள்?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

உங்கள் கோபம் நியாயம்தான் ஐயா. 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு 18-லிருந்து 45 வயதுக்குள் இருக்கிறவர்கள். அந்த வருடம் எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105. இதற்கெல்லாம் கிழவர்கள் காரணம் என்று நான் சொன்னால் அது அபாண்டம். வேகமும் குடியும் ஹெல்மெட் இல்லாததும்தான் நான் வேலைக்காலம் முழுக்கப் பார்த்தவை.

ஆனால் 50 வருட அனுபவம் என்கிறீர்களே, அதில் ஒரு விஷயம் இருக்கிறது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகேபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை அழுத்தினார். சைக்கிளில் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு தாயும் மூன்று வயது மகளும் இறந்துபோனார்கள். பெரிய படிப்பு, பெரிய பதவியில் இருந்தவர். வண்டியில்தான் கோளாறு என்று விசாரணையில் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை, ஐந்து வருடத் தண்டனை கொடுத்தது. அவரும் பல வருடம் ஓட்டியவர்தான். நேற்று வரை விபத்து இல்லை என்பது உங்கள் நேற்றைய கண்ணுக்கும் காலுக்கும் கிடைத்த சான்றிதழ். ஜப்பானில் 75 தாண்டியவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க ஞாபகப் பரிசோதனை எழுத வேண்டும். 2022-லிருந்து, சில விதிமீறல்கள் செய்தவர்கள் ஓட்டியும் காட்ட வேண்டும்.

இன்னொன்று, உங்கள் உடம்புக்காகவே சொல்கிறேன். 30 வயதுக்காரர் எழுந்து தூசி தட்டிக்கொண்டு போகிற இடியில், 77 வயதில் விலா எலும்பு முறியும், இடுப்பு முறியும். சான்றிதழ் உங்களைக் காப்பாற்றவும்தான்.

ராத்திரிப் பயணத்தை மட்டும் இப்போதே நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எதிரில் வரும் லாரி டிம் செய்யாமல் கடந்த பிறகு, கண் மறுபடி தெளிய நம் வயதில் அதிக நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் வண்டி எத்தனை மீட்டர் போய்விடும் என்று உங்கள் அனுபவத்துக்குத் தெரியும்.

கணவர் பார்க்கின்சன் நோய் வந்து, டாக்டர் சொன்னதால் ஸ்கூட்டரை விட்டுவிட்டார். ஆறு மாதமாக வீட்டை விட்டு வெளியே போகவில்லை. டிவி, ஈஸி சேர், அவ்வளவுதான். யாரோடும் பேசுவதில்லை. வண்டியை விடச் சொன்னது தப்போ என்று தோன்றுகிறது.
(ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை)

தப்பில்லை அம்மா. ஆனால் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, அவர் போய்வந்த இடங்களைத் திருப்பித் தராமல் விட்டிருக்கிறோம். பல வீடுகளில் நடப்பது இதுதான். எனக்கும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் போனது. தலைமுடி வெட்டப் போவதற்கு மகனைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்க மனம் வராமல் முடி காதுக்கு மேல் வளர்ந்தது.

ஸ்கூட்டர் இருந்தபோது அவர் எங்கெல்லாம் போவார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பால் பூத், நூலகம், நண்பர் வீடு, கோவில், ஏதாவது சபா. வாரத்தில் இரண்டு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நாள், நேரம் போட்டு ஒரே ஆட்டோக்காரரிடம் மாதக் கணக்காகப் பேசிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் "கூட்டிட்டுப் போறியா" என்று யாரிடமும் கேட்க வேண்டாத ஏற்பாடாக அது இருக்க வேண்டும். ஸ்கூட்டருக்கான பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஆட்டோ செலவில் நல்ல பங்கு அதிலேயே வந்துவிடும். 60 தாண்டியவர்களுக்கு மாநகர பஸ்ஸில் மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. பெண் என்பதால் உங்களுக்கு சாதாரண பஸ்ஸில் கட்டணமே கிடையாது. படி ஏறுவதற்கு டாக்டர் சரி என்றால், கூட்டமில்லாத பதினொரு மணி வாக்கில் இரண்டு பேருமாகப் போய் வாருங்கள்.

ஜப்பானில் 2019-ல் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டால் அதற்குப் பதிலாக ஒரு அட்டை தருவார்கள், இவர் வண்டி ஓட்டியவர் என்று. அதைக் காட்டினால் பல ஊர்களில் பஸ், டாக்ஸி கட்டணத்தில் சலுகை. நம் அரசும் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று இரண்டு முறை மனு எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுவேன்.

எங்கள் வீட்டில் என் மனைவி 62 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கண், காது, சர்க்கரை எல்லாம் உண்மையாகவே பார்த்து, 1ஏ படிவம் வாங்கி, ஐந்து வருட லைசென்ஸ் எடுத்தாள். நான் இடது சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். செவ்வாய்க்கிழமை நூலகம், வெள்ளிக்கிழமை கோவில். சைக்கிள் பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. தெருமுனையில் அவனைப் பார்த்தால் அவள் வண்டியை நிறுத்திவிடுவாள். அவன் கையை ஆட்டிவிட்டு முன்னால் போவான்.